தோட்டத்துயிர்களும் பிள்ளைக் கதைகளும்



பிள்ளைகளுக்குச் சொல்லக் கதை இல்லை என்று பெற்றோர் பலர் குறைப்படுகின்றனர். கதை இல்லாமற் போகவில்லை; கதை வாழும் இடமே இல்லாமற் போகின்றது. அவ்விடம் தோட்டம். பூவும் காயும் மட்டும் தரும் தோட்டம் அன்று; புழுவும் வண்டும், குருவியும் ஓணானும் அச்சமின்றி வாழ விடப்பட்ட தோட்டம்.

இதற்குத் திருவில்லிபுத்தூரே சான்று. பெரியாழ்வார் அவ்வூரிற் பூந்தோட்டம் வளர்த்து மாலை கட்டி வாழ்ந்தவர். அத்தோட்டத்துத் துழாய்ச் செடியினடியிற் கண்டெடுக்கப்பட்ட குழந்தையே ஆண்டாள் என்பது வழிவழி வரும் வரலாறு. தோட்டத்தில் உழைத்த அப்பெருமகனாரே கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டினார். விளையாட நிலவை அழைத்தார். தலைவாரக் காக்கையையும் கூவி அழைத்தார். பின்னாளிற் பிள்ளைத்தமிழ் என வளர்ந்த இலக்கிய வகைக்கு அப்பாடல்களே முன்னோடி என்பர் அறிஞர்.

மகளும் அவ்வழியினரே. திருப்பாவையில் விடியலுக்கு அடையாளமாக அவர் காட்டியது ஆனைச்சாத்தனின் ஒலி. கரிச்சான் என்றும் வலியன் என்றும் ஊரார் வழங்கும் பறவை அதுவே என்பர். அது மாட்டின் முதுகில் அமர்ந்து செல்லும். மேய்ச்சலிற் கிளம்பும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் துரத்தியடிக்கும். எளியது வலியதை எதிர்த்து வெல்லும் கதைக்கு இதனினும் நல்ல தலைவன் வேண்டுமா?

பறவை பறந்து போகலாம். புழு செடியிலேயே இருக்கும். கொல்லையிலுள்ள கறிவேப்பிலையை உற்று நோக்குங்கள். அதில் முட்டையிடும் கரிய பட்டாம்பூச்சி ஒன்றின் புழு, இளமையிற் பறவையின் எச்சம்போலத் தோன்றும். எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? வளர்ந்தபின் அது பச்சை நிறங்கொண்டு இலையோடு இலையாக மறையும். தொட்டால் தலைப்புறத்தினின்று செந்நிறக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். பின்னர்க் கூட்டுப்புழுவாகிக் கிடந்து, சிறகுடன் வெளிவரும். மாற்றுருவம், இடர், எதிர்ப்பு, காத்திருப்பு, விடுதலை எனக் கதைக்கு வேண்டிய உறுப்புகளெல்லாம் ஒரு செடியிலேயே உள. அதன்மீது நஞ்சு தெளிப்பவர் பூச்சியை மட்டுமன்றிப் பிள்ளை கேட்கவிருந்த கதையையும் சேர்த்தே அழிக்கின்றார்.

கதைக்கு உயிரி மட்டும் போதாது. அதனை அழைக்கச் சொல்லும் வேண்டும். இராசபாளையத்திற்குத் தெற்கே சங்கரன்கோவிலிற் பிறந்த மொழிஞாயிறு பாவாணர் (1902–1981), இளஞ்செடிகளுக்குத் தமிழில் உள்ள பெயர்களை நிரல்படுத்திக் காட்டினார். நெல்லுக்கு நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, விளாவுக்குக் குட்டி, பனைக்கு வடலி. செடியைப் பிள்ளையென்றும் கன்றென்றும் குட்டியென்றும் அழைக்கும் மொழியில், தோட்டத்தின் பெயர்களே பாதிக் கதை. தென்னம்பிள்ளையும் மாங்கன்றும் உரையாடுவதாகச் சொன்னாற் குழந்தை வியக்காது. உடனே நம்பிக் கேட்கும்.

இனி மலையடிவாரத்திற்கு வாருங்கள். நரை அணில் என்னும் பேரணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. அதனைக் காக்கவே 1988-இல் திருவில்லிபுத்தூரிற் காட்டுயிர்ப் புகலிடம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. இவ்வணில் மரக்கொம்பிற் கூடு கட்டும். மரத்தினின்று மரத்திற்குத் தாவியே செல்லும். நிலத்தில் இறங்க விரும்பாது. எனவே இடையிலுள்ள ஒரு மரம் வெட்டப்பட்டால் அதன் வழியே அறுபடும். அறுபட்ட வழியை ஒரு சிறுமி மரக்கன்று நட்டு மீட்பதாகக் கதை சொல்லலாம். அது இராசபாளையத்துப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுச் செய்தியாகவே தோன்றும்.

இங்கிலாந்தில் பியாட்ரிக்சு பாட்டர் என்னும் அம்மையார், 1893-இல் நோயுற்ற சிறுவன் ஒருவனுக்குப் படக்கடிதம் எழுதினார். காய்கறித் தோட்டத்திற் புகுந்த முயற்குட்டியின் கதை அது. 1902-இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. அம்முயலின் பெயரை இன்று தமிழ்ப் பிள்ளைகள் பலர் அறிவர். நரை அணிலின் பெயரை அறிந்தோர் எத்துணையர்? பிறநாட்டுக் கதையைப் படிப்பது பிழையன்று. தன் தோட்டத்துக் கதையை அறியாதிருப்பதே இழப்பு. பெயர் மறந்த உயிரி அழிந்தாலும் அழுவார் இலர். தமிழ்நாட்டரசு 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது தமிழ் மறவனை. அப்பெயரைக் கேட்ட குழந்தை, அம்மறவன் எங்கே வாழ்கிறான் என்று கேட்காமல் இராது.

செய்ய வேண்டுவது பெரிதன்று. பள்ளி வளாகத்தில் ஒரு மூலையை விட்டுவையுங்கள். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் எருக்கும் அங்கே வளரட்டும். சருகை எரிக்காதீர், அது மண்ணுயிர்களின் வீடு. ஆழமற்ற சட்டியில் நீர் ஊற்றி, தேனீ நின்று பருகக் கல் ஒன்றும் இடுங்கள். நஞ்சு தெளியாதீர். கிழமைக்கு ஒருநாள் பிள்ளைகளை அங்கே அமர்த்தி, கண்டதைத் தூய தமிழிற் சொல்லச் செய்யுங்கள். முதல் நாள் பெயர்களைச் சொல்வர். அடுத்து நிகழ்ந்ததைச் சொல்வர். பின்னர் நிகழக்கூடியதைச் சொல்வர். அம்மூன்றாம் நாளிற் கதை பிறக்கும்.