சங்கு ஊதிய இருபது நிமிடம்



அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். கோதுமை விளையும் சமவெளி. 2007இல் அங்கே ஏறத்தாழ 1,500 பேர் இருந்தார்கள். 1880களில் ஆட்கள் கையாலேயே தோண்டிய 109 அடி ஆழக் கிணறுதான் ஊருக்குப் பெருமை. 2007 மே 4, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு டொர்னேடோ என்னும் சுழற்காற்று அந்த ஊருக்குள் புகுந்தது. அதன் அகலம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அழிந்தது.

நம் ஊர்ப் புயலோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புயல் கடலில் பிறந்து, நாள் கணக்கில் நகர்ந்து வரும். டொர்னேடோ இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் காற்றுத்தூண். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் அந்தச் சமவெளியில் சந்திக்கின்றன. மேலே போகப்போகக் காற்றின் திசையும் வேகமும் மாறினால், மேகமே சுழலத் தொடங்கும். எந்த மேகம் டொர்னேடோவை இறக்கும் என்று முதல்நாளே சொல்ல முடியாது. கையில் கிடைப்பது நிமிடங்கள்தான்.

அந்த நிமிடங்களைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை. கிரீன்ஸ்பர்க்கில் அபாயச் சங்கு ஏறத்தாழ இருபது நிமிடம் முன்பே ஊதிவிட்டது. டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகத்தில் இருந்தவர்கள் ரேடாரில் மேகத்தின் சுழற்சியைப் பார்த்தார்கள். மேகத்தைப் பின்தொடர்ந்து காரில் சென்றவர்கள், மின்னல் வெளிச்சத்தில் கண்டதை உடனுக்குடன் தெரிவித்தார்கள். வழக்கமான எச்சரிக்கையோடு அலுவலகம் நிற்கவில்லை. கிரீன்ஸ்பர்க் என்று ஊர்ப்பெயரைச் சொல்லியே 'டொர்னேடோ அவசரநிலை' அறிவித்தது. அப்படி அறிவிக்கும் வழக்கம் 1999இல் ஓக்லஹோமாவில் பிறந்தது. வழக்கமான வாசகம் மக்களை அசைக்கப் போதாது என்று கருதிய வானிலையாளர்கள், அந்த நேரத்திலேயே எழுதிய சொற்கள் அவை.

நானும் கடலோர வானிலை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கேட்டாலே மனம் நெகிழும். ஒரு புயல் இரவில் மீனவப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஐயா, காத்து எத்தனை கிலோமீட்டர்னு சொல்றீங்க. போட்டை எப்ப கரையேத்தணும், அதைச் சொல்லுங்க." அன்று முதல் எந்த அறிக்கை எழுதினாலும், கேட்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் முதல் வரியில் வைத்தேன். வீட்டில் இருக்கும் நேயர்களே, அறிவிப்பு புரியவில்லை என்றால் அந்தப் பெரியவரைப் போலத் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கிரீன்ஸ்பர்க் மக்களுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. சங்கு கேட்டதும் வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறைக்குள் இறங்கினார்கள். வெளியே வந்தபோது பலருக்கு வீடு இல்லை. பத்துப் பன்னிரண்டு உயிர்கள் போயின. ஒவ்வொன்றும் ஈடுசெய்ய முடியாத இழப்புதான். ஆனாலும் ஊரே தரைமட்டமான இரவில் மற்ற எல்லோரும் பிழைத்தார்கள் என்றால், அந்தச் சங்கை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஊரை மறுபடி கட்டியது இன்னொரு நாள் பேச வேண்டிய கதை. நகராட்சிக் கட்டடங்களைச் சூழலுக்கு உகந்த முறையில் எழுப்பினார்கள், காற்றாலை மின்சாரத்துக்கு மாறினார்கள் என்பதோடு இப்போது நிறுத்திக்கொள்கிறேன்.

நேரம் முடிகிறது. நம் கரைக்கும் புயல் மாதங்கள் வரும், இதே வானொலியில் அறிவிப்பும் வரும். அப்போது பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு கிளம்புவீர்கள் என்று நம்புகிறேன்.