கூரை நீரும் குடியிருப்புத் தோட்டமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் குடியிருப்பின் பொதுத் தோட்டத்திற்குக் கோடையில் குழாய்நீர் விடுதல் வேண்டும் எனச் சிலர் கேட்கின்றனர். விடலாகாது என்பதே என் கருத்து. எனினும் தோட்டத்தைக் கைவிடவும் நான் இசையேன். கப்பல் தாமதித்தால் காய்கறி விலை ஏறும் தீவு இது. நாலு கத்தரிச் செடியின் அருமையை இல்லத்தரசியர் அறிவர்.

இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. தமிழகத்தின் சராசரியைப்போல் அது மூன்று மடங்கு. ஆயினும் சனவரி முதல் ஏப்ரல் வரை நாம் வாடுகின்றோம். காரணம் வெளிப்படை. குன்றுகள் செங்குத்தானவை, ஓடைகள் குறுகியவை, பெய்த மழை விரைந்து கடலை அடைந்துவிடுகின்றது. 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேர் நகரம், 1973இல் கட்டி முடிக்கப்பெற்ற தனிக்காரி அணையையே பெரிதும் நம்பியுள்ளது. அணை வற்றும் ஆண்டுகளில் சில நாட்களுக்கு ஒருமுறையே குழாயில் நீர் வரும். அந்நீர் அடுத்த தெருக் குழந்தையின் குடிநீர். அதனைப் பாத்தியில் ஊற்ற நமக்கு உரிமை ஏது?

கிணறு வெட்டலாமே என்பீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் கிணறுகள் பல உப்பாயின. தென் அந்தமானில் நிலமே தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்தது. அதை மறந்து பணத்தைக் குழியில் இடலாகாது.

எஞ்சியிருப்பது நம் மன்றத்தின் கூரை. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழும். கசிவும் தெறிப்பும் போகச் சிறிது குறையும். 10 சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என வைத்தால், நான்கு மாதத்திற்கு ஏறத்தாழ 5,000 லிட்டர் போதும். டிசம்பர் மழை ஓயுமுன் ஒரு தொட்டி நிரம்பியிருந்தால் அத்தனை நீரும் நம் கையில் இருக்கும். ஏரியும் குளமும் வெட்டியோர் வழிவந்தோம் என்று மேடைதோறும் பேசுகின்றோம். கூரைநீரையோ சாக்கடையில் விட்டுவிட்டுக் குழாயடியில் குடத்துடன் நிற்கின்றோம்!

முதல் மழை கூரை அழுக்கைக் கழுவி வருமாதலால் அதனை வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டியின் வாயை வலையால் மூடாவிடில் கொசுவையே வளர்ப்போம்.

நீரைச் சிக்கனமாக்கவும் வழியுண்டு. சுட்ட மண்குடத்தைச் செடியருகே கழுத்தளவு புதைத்து நிரப்பினால், ஈரம் மெல்லக் கசிந்து வேரைச் சேரும். பாத்தியின்மேல் தேங்காய் மட்டையைப் பரப்பினால் வெயில் ஈரத்தை உறிஞ்சாது. மட்டைக்கு இங்கே பஞ்சமா? அரிசி கழுவிய நீர் வாழைக்கும் சேம்புக்கும் போகட்டும்.

தொட்டிக்குப் பணம் எங்கே என வினவுவீர்கள். இவ்விழாவின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிட்டதில் பாதியை அடுத்த ஆண்டு குறைத்துக்கொள்வோம். செயலாளர் முகம் சுளிக்கின்றார், பார்க்கின்றேன். ஆயினும் வரும் ஞாயிறு காலை அளவுநாடாவுடன் மன்றத்தின் முன் நிற்பேன். ஏணி பிடிக்க இருவர் வந்தால் கூரையை அளந்துவிடலாம்.