பட்டியலில் பெயர் இருக்கிறதா?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்மில் பலர் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவர்கள். முதல் நாளே பொருள்களோடு போய்ச் சேர்ந்து, வகுப்பறை பெஞ்சில் படுத்து, விடிந்ததும் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இரவில் கருவியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள். அப்படி ஒரு பணிநாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் ஆதார் அட்டையுடன் வந்தார். பட்டியலில் பெயர் இல்லை. "எனக்கு 18 முடிஞ்சிடுச்சு, ஆதாரும் இருக்கு. அப்புறம் என்ன சார்?" என்றார். அடையாள அட்டை வேறு, பட்டியலில் பெயர் இருப்பது வேறு என்று விளக்கினேன். "இதை எங்களுக்கு யாருமே சொல்லலையே" என்று சொல்லித் திரும்பிப் போனார். பன்னிரண்டு ஆண்டுகள் நம்மைப் போன்றவர்களிடம் படித்த பிள்ளை. அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்த 61-ஆவது திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது என்று பாடம் நடத்துகிறோம், தேர்விலும் கேட்கிறோம். படிவம் 6-ஐக் காட்டுகிறோமா? இப்போது 17 வயது முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதற்குள் 18 நிறைகிறதோ, அதன்படி பெயர் சேரும். விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரிலோ விடுதி உள்ள ஊரிலோ, ஓரிடத்தில் மட்டும் பெயர் சேர்க்கலாம். கல்லூரிக்கு அனுப்புமுன் நாம் சொல்லவேண்டியது இவ்வளவுதான்.

இது குடிமையியல் ஆசிரியரின் வேலை மட்டுமன்று. விரலில் வைக்கும் மையில் சில்வர் நைட்ரேட் உள்ளது. அது வெளிச்சத்தில் ஏன் கருக்கிறது என்பது வேதியியல். 17-ஏ பதிவேட்டின் எண்ணிக்கையைக் கருவியின் மொத்தத்தோடு ஒப்பிடுவது கணக்கு. படிவத்தில் பெயரைப் பிழையின்றி எழுதுவது தமிழ். 1951-52 முதல் பொதுத்தேர்தலில், சொந்தப் பெயரைத் தராமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் பதிந்திருந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அது வரலாறு. இதைச் சொன்ன நாளில் என் வகுப்பு மாணவிகள் முகத்தில் கண்ட கவனத்தை வேறு பாடத்தில் கண்டதில்லை.

தொடக்கப் பள்ளியிலும் செய்யலாம். வகுப்புத் தலைவர் தேர்தலுக்கு முன் வரைவுப் பட்டியலை ஒட்டுங்கள். திருத்த மூன்று நாள் கொடுங்கள். பெயர் விடுபட்டதைப் பார்க்காத பிள்ளை அன்று வாக்களிக்க முடியாமல் கொஞ்சம் வருந்தட்டும். அடுத்த முறை முதல் ஆளாக வந்து பார்ப்பான்.

ஓர் எச்சரிக்கை. "நீங்க யாருக்கு சார் ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்பார்கள். "அது ரகசியம், உன்னுடையதும் அப்படித்தான்" என்பதே சரியான விடை. யாருக்கு என்பதில் நமக்கு வேலையில்லை.

ஜனவரி 25, தேசிய வாக்காளர் நாளில் உறுதிமொழி எடுக்கிறோம். இம்முறை அதோடு நிறுத்தாமல், பன்னிரண்டாம் வகுப்பில் 17 முடிந்தவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்கள் படிவத்தை நிரப்பும்வரை உடன் நில்லுங்கள். அடுத்த தேர்தலில் நம்மில் யாரோ ஒருவர் முன் அவர்கள் வந்து நிற்பார்கள். அன்று பட்டியலில் பெயர் இருக்கட்டும்.