உடற்பருமனும் மகப்பேறும்

மணமாகி ஆண்டுகள் சில கடந்தும் மகப்பேறு வாய்க்காத பெண்ணை ‘மலடி’ என்று பழிக்கும் வழக்கம் நம் சமூகத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. அவள் உடல் பருத்தவளாயின் பழியோடு ஏளனமும் சேர்ந்துகொள்ளும். அவ்வுடலினுள் நிகழ்வது யாது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கொழுப்பு வெறுஞ் சேமிப்பு அன்று. சுரப்பி போன்று தானும் தொழிற்படுவது. ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் சூலகத்தில் மட்டுமன்றிக் கொழுப்பிழையத்திலும் உண்டாகின்றது. கொழுப்பு மிகுந்தால் குருதியில் இன்சுலினும் மிகுதல் உண்டு. அது சூலகத்தைத் தூண்டி, ஆண்மைக்குரிய ஓமோன்களை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்கின்றது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரபி சூலகத்துக்கு விடுக்கும் கட்டளைகள் இவற்றாற் குழம்புகின்றன. முட்டை முதிர்ந்து வெளிவருதல் தடைப்பட, மாதவிடாயும் ஒழுங்கு தவறுகின்றது. பருத்த பெண்கள் அனைவர்க்கும் இவ்வாறு நேர்வதில்லை. மெலிந்தவர்க்கும் நேர்தல் கூடும்.

இந்நிலை மாற்றத்தக்கதே. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் முடிவு 1995 இல் வெளியாயிற்று. முட்டை வெளிவராமையால் மகப்பேறின்றி இருந்த, உடல் பருத்த பெண்கள் 13 பேர் 6 மாதங்கள் உணவொழுங்கையும் உடற்பயிற்சியையும் கைக்கொண்டனர். சராசரியாகக் குறைந்த நிறை 6.3 கிலோகிராம் மட்டுமே. எனினும் 12 பேருக்கு முட்டை மீண்டும் வெளிவரலாயிற்று. 11 பேர் கருவுற்றனர். தொகை சிறிதாயினும் அது தரும் நம்பிக்கை பெரிது.

ஆகவே, பட்டினி கிடத்தல் வேண்டா. சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுதலும் நாடோறும் நடத்தலும் நல்ல தொடக்கமாகும். மருத்துவரை நாடும்போது கணவனும் உடன் செல்லுதல் வேண்டும்; குறை ஆணிடத்தும் இருக்கலாம். அப்பெண்ணுக்கு வேண்டியது வீட்டாரின் துணையே, பழிச்சொல் அன்று.