வேனோரப் பந்தல்

(சங்கத்தின் குடும்ப சந்திப்பு நாளன்று மதுராந்தகத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கல்லூரி நினைவுகள்’. அதை வருஷா வருஷம் நாலு பேர் பேசி விடுகிறோம். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி இனிமேல் சொல்ல என்ன பாக்கி இருக்கிறது? அதனால் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வேறொரு விஷயம் பேசுகிறேன். சாயந்திரம் பொதுக்குழுவில் சங்கச் செலவில் வேன் பந்தல் வாங்குவது பற்றி ஒரு தீர்மானம் வருகிறது. அதற்குக் கை தூக்குவதற்கு முன்னால் இதைக் கேட்டு விடுங்கள்.

நாம் வருஷத்துக்கு ஒருமுறை வேன் எடுத்துக்கொண்டு வேடந்தாங்கல் போகிறோம், அப்படியே கடற்கரைக்கும் போகிறோம். ஒருமுறை பறவை சீசனை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு லீவு என்று சித்திரை வெயிலில் கிளம்பினோம். நம் நண்பர் ஒருவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து, வேனுக்குள் படுக்க வைத்து, மதுராந்தகம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எங்கள் எல்லோருக்குமே மயக்கம் வந்துவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார், இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டு இருக்கிறார். ஆனால் அவர் வீட்டு அம்மா அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை: “நிழல் இல்லாத இடத்துக்கு இனிமேல் இவரை அனுப்ப மாட்டேன்.” அடுத்த வருஷம் பாதிப் பேர் வரவில்லை. எழுபதைத் தாண்டிய நமக்கு நிழல் இல்லையென்றால் பயணமும் இல்லை.

சரி, நிழல்தானே வேண்டும் என்று அடுத்த தடவை பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தார்பாய் எடுத்துப் போனோம். ஆலம்பரைக் கோட்டைக்குப் பக்கத்தில், கடலோர மணலில் வேனை நிறுத்தினோம். ஒரு பக்கத்தை வேன் கேரியரில் கட்டி, மறு பக்கத்துக்கு இரண்டு சவுக்குக் கம்பு நட்டோம். கட்டியது யார்? அடியேன்தான். ஒன்பது முடிச்சு. காற்றில் அவிழக் கூடாது என்று முடிச்சு மேல் முடிச்சு. நைலான் கயிறு, போதாததற்கு ஈரம் வேறு. மதியம் இரண்டு மணிக்குக் கடற்காற்று பலத்தது. தார்பாய் பாய்மரம் மாதிரி உப்பியது. அவிழ்க்கப் போனால் ஒரு முடிச்சும் அவிழவில்லை. கம்பு பிடுங்கிக்கொண்டு வந்து என் நெற்றியிலேயே விழுந்தது. கடைசியில் தேங்காய் வெட்டக் கொண்டுவந்த அரிவாளால் கயிற்றை அறுத்தோம். இந்தத் தழும்பு அதுதான்.

ஏரியைக் காத்த ராமர் ஊர்க்காரன் நான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்தில், ராமரும் லட்சுமணரும் வில்லோடு வந்து இந்த ஏரிக்கரையைக் காத்தார்கள் என்பது எங்கள் ஊர்க் கதை. தார்பாயைக் காக்க அவரைக் கூப்பிட முடியுமா? நாமே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியதுதான்.

பௌதிகம் படித்ததற்கு இந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று நேராக மோதினால், ஒரு சதுர மீட்டர் துணியில் சுமார் ஆறு கிலோ அழுத்தம். எங்கள் தார்பாய் 11 சதுர மீட்டர். ஆக அறுபத்தைந்து கிலோவுக்கு மேல், அதாவது ஒரு ஆள் ஏறித் தொங்குகிற மாதிரி. அதே காற்று 18 கிலோமீட்டராகக் குறைந்தால் அழுத்தம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு. மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். துணி தொய்ந்து தண்ணீர் தேங்கினால், 10 மில்லிமீட்டர் மழைக்கு எங்கள் தார்பாயில் 110 லிட்டர். ஏழு குடம் தண்ணீர் தலைக்கு மேல்! அதனால்தான் வெளிப்பக்கத்து ஒரு காலை எப்போதும் ஒரு முழம் தாழ்த்தி வைக்க வேண்டும்.

இப்போது கடையில் விற்கிற சரக்குக்கு வருகிறேன். ‘ஆனிங்’ என்கிறார்கள், நாம் வண்டிப் பந்தல் என்போம். எல்லா விளம்பரத்திலும் “இரண்டே நிமிடத்தில் விரிக்கலாம்” என்று போட்டிருக்கிறது. விரிக்கிற நேரத்தை யாரும் கேட்டுவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மடக்குகிற நேரத்தை. விரிக்கும்போது வெயில்தான் இருக்கிறது, அவசரம் இல்லை. மடக்கும்போது காற்று வந்துவிட்டது, மழை வந்துவிட்டது, இல்லை நண்பருக்கு உடம்பு சரியில்லை, உடனே கிளம்ப வேண்டும். இரண்டு கிழவர்கள், அரிவாள் இல்லாமல், எத்தனை நிமிடத்தில் மடக்கி வண்டியைக் கிளப்பலாம்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிச் சரக்கு தானாகக் கழிந்து விடும்.

என் பொலிரோவுக்கு நான் வாங்கியது சுருள் மாதிரி. வண்டியின் கேரியர் ஓரத்தில் நீளமாக ஒரு பை போல்ட் போட்டு நிற்கும். ஜிப்பைத் திறந்து துணியை உருட்டி வெளியே இழுத்தால், முனைக்கட்டையிலிருந்தே இரண்டு கால்கள் கீழே மடங்கி இறங்கும். உள்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டு துணியை விறைப்பாகப் பிடிக்கும். முடிச்சே இல்லை, எல்லாம் திருகுகிற பூட்டு. இரண்டுக்கு இரண்டரை மீட்டர். அதே காற்று நேராக மோதினாலும் முப்பது கிலோதான் தாங்க வேண்டும். நானும் என் வீட்டு அம்மாவும் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். மடக்க நாலு நிமிடம். அவள் சொன்னபடி நான் செய்தபோது மூன்று.

விசிறி மாதிரி ஒன்று இருக்கிறது. வண்டியின் பின்மூலையில் கீல் வைத்து, பக்கமும் பின்னும் சுற்றி 270 டிகிரி விரியும். பார்க்க ராஜ தர்பார்தான். இருபது கிலோவுக்கு மேல் எடை, கூரை கேரியர் அதைத் தாங்குமா என்று வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். அதில் இடப்பக்கத்துக்குத் தனி, வலப்பக்கத்துக்குத் தனி என்று செய்கிறார்கள். நமக்கு இடப்பக்கம்தான். சாலையின் இடது ஓரத்தில் நிற்கிற நாம் வலப்பக்கம் விரித்தால், பந்தலுக்குள்ளேயே லாரி வந்துவிடும்.

இன்னொரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. ஆகவே கூரையில் துளை போட்டு நிரந்தரமாகப் பொருத்துவது வேண்டாம். நாலு போல்ட்டில் கழற்றி வீட்டில் வைக்கிற மாதிரியே வாங்குங்கள்.

எங்கே எப்படி நிறுத்துவது என்பதிலும் பாதி நிழல் இருக்கிறது. மார்கழியில் நம் ஊர் மதியச் சூரியன் உச்சியிலிருந்து 36 டிகிரி தெற்கே சாய்ந்து நிற்கும். ஆறரை அடி உயரப் பந்தலின் நிழல் ஏறக்குறைய ஐந்தடி வடக்கே தள்ளித்தான் விழும். பந்தலைத் தெற்குப் பக்கம் விரித்தால் வேன் நிழலில் இருக்கும், நாம் வெயிலில் இருப்போம்! வேனின் மூக்குக் கிழக்கே பார்க்க நிறுத்துங்கள். இடப்பக்கம் வடக்காகி விடும். பந்தல் நிழலோடு வேனின் நிழலும் சேரும். சித்திரை 11 வாக்கில் சூரியன் நேர் உச்சியில், எந்தப் பக்கமும் ஒன்றுதான். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் எந்தக் கூரையும் உதவாது, மேற்கே ஒரு பழைய வேட்டியைத் தொங்க விடுங்கள்.

கடற்கரை மணலில் முளைக்குச்சி நிற்காது. ஒரு சாக்கில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, அதில் கயிற்றைப் பிணைத்து முழங்கால் ஆழத்தில் புதைத்தால் அசையாது. கயிற்றின் மேல் முனையில் மட்டும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு போடுங்கள். மாடு கட்டிப் பழகியவர்களைக் கேட்டால் சொல்லித் தருவார்கள், நான் அப்படித்தான் கற்றேன். அடுப்பைப் பந்தலுக்குக் கீழே வைக்காதீர்கள், பாலியஸ்டர் துணி உருகிச் சொட்டும்.

இனி தீர்மானத்துக்கு வருகிறேன். நாம் போவது வாடகை வேன். அதன் கூரை எட்டடிக்கும் மேலே. என் பொலிரோ ஆறடிக்குச் சற்று மேல், அதனால் சுருள் பந்தல் கைக்கு எட்டுகிறது. வேனுக்கு அதை வாங்கினால் ஏணி வேண்டும், ஏணியில் ஏற நம்மில் யாருக்கு முட்டி இருக்கிறது? தவிர, வாடகை வண்டியில் போல்ட் போட எந்த டிரைவர் விடுவார்? ஆகவே சங்கத்துக்கு விலை உயர்ந்த ஆனிங் வேண்டாம் என்பது என் கட்சி. செயலாளர் கோபிக்கக் கூடாது. எட்டுக்கு எட்டு அடியில், ஓரம் மடித்துத் தைத்து பித்தளைக் கண் வைத்த வெளிர் நிற சில்பாலின் ஒன்று போதும். நீட்டிச் சுருக்கும் கால் இரண்டு, வேன் ஜன்னல் கம்பியில் மாட்ட கொக்கி நாலு. எல்லாப் பேரும் ஒரே நிழலில் அடங்க மாட்டோமே என்பீர்கள். இரண்டு தைத்துக்கொள்வோம், பெரியதாக ஒன்று வேண்டாம். ஒன்றைக் காற்று தூக்கினாலும் மற்றதின் கீழே நண்பரைப் படுக்க வைக்கலாம்.

மாதிரிக்கு ஒன்றை நம்ம ஊர் டெய்லரிடம் தைத்து எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் வேன் நிற்கும். நானும் முன்வரிசை நண்பரும் மடக்குகிறோம். அவர் வீட்டு அம்மா கையில் கடிகாரம் இருக்கட்டும், அவங்க சரி என்று சொன்னால் மட்டும் கை தூக்குங்கள்.