கலிபாவின் வெறும் நாற்காலி
(வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"இஸ்லாத்தில மதத்தையும் அரசையும் பிரிக்கவே ஏலாது." இதை எத்தனை தரம் கேட்டிருப்பம்? இங்கத்தைய வலதுசாரிகள் சொல்லுறாங்கள். கலிபா ஆட்சி கேட்கிற இயக்கங்களும் அதையேதான் சொல்லுது. எங்கட வீடுகளிலயும் இந்தக் கதை இருக்கு. எதிரும் புதிருமான ஆக்கள் ஒரே வசனத்தைச் சொன்னா, நாங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேணும்.

1924 மார்ச்சில் துருக்கிக் குடியரசு கலிபா பதவியை ஒழித்தது. காலியான அந்த நாற்காலியில் எகிப்து மன்னர் ஃபுவாத்துக்கு ஒரு கண். அவருடைய நாட்டிலோ பிரித்தானியப் படை நின்றது.

1925இல், அல்-அஸ்ஹரில் படித்த ஷரீஆ நீதிபதி அலி அப்துர் ராசிக் 'இஸ்லாமும் ஆட்சியின் அடிப்படைகளும்' என்ற நூலை வெளியிட்டார். குர்ஆனும் நபிமொழியும் கலிபா ஆட்சியைக் கடமையாக்கவில்லை என்றார். நபியின் அதிகாரம் இறைத்தூதருக்குரியது, அரசருக்குரியது அல்ல. பின்னால் வந்த கலிபாக்கள் பெரும்பாலும் வாளின் பலத்தில்தான் ஆண்டார்கள். ஆகவே எப்படியான அரசு வேண்டும் என்பதை முஸ்லிம்கள் தங்கள் அறிவாலும் அனுபவத்தாலும் தீர்மானிக்கலாம். கவனியுங்கோ, மதத்தை உதறிவிட்டு அவர் இதைச் சொல்லேல்ல. மதத்துக்குள்ள நின்றுதான் சொன்னார்.

அந்த ஓகஸ்டிலேயே அல்-அஸ்ஹரின் மூத்த உலமாக்கள் சபை அவருடைய ஆலிம் தகுதியைப் பறித்தது. நீதிபதி வேலையும் போனது. தீர்ப்பை நிறைவேற்றத் தயங்கிய நீதி அமைச்சர் பதவி இழந்தார். கூட்டணி அரசாங்கம் உடைந்தது. ஒரு சின்னப் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அது மன்னரின்ர கனவில கை வைச்சுது. 1926 மே மாதம் கெய்ரோவில் கூடிய கலிபா மாநாடும் ஒருவரையும் தெரிவு செய்யாமல் கலைந்தது.

அவரை எதிர்த்த எல்லாரும் அரண்மனை ஆக்கள் இல்லை. மனதார மறுத்த அறிஞர்களும் இருந்தார்கள். காலனியத்துக்குள் நசிந்த பலருக்குக் கலிபா என்பது ஒரு நம்பிக்கை. இந்தியாவில் காந்தியே கிலாபத் இயக்கத்தோடு நின்றார். அந்த நம்பிக்கையை நாங்கள் நக்கலடிக்கக் கூடாது. ஆனா அதை ஆர் தன்ர நாற்காலிக்குப் பாவிக்கிறார் எண்டு கேட்கத்தான் வேணும்.

1972இலிருந்து இலங்கை அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் குடுக்குது. அதுக்குக் காரணம் புத்தர் எண்டு நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, அரசைத்தான் கேட்டம். அந்த நியாயம் எங்கட முஸ்லிம் தோழர்களுக்கும் பொருந்தும். அடுத்த தரம் அந்த வசனம் உங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில வந்தால், இந்த நீதிபதியின்ர கதையைச் சொல்லுங்கோ.