மூச்சும் எலும்பும்



திருவனந்தபுரத்து மியூசியம் தோட்டத்தில் விடியற்காலையில் நடப்போர் பலர். நெடுநாள் நுரையீரல் நோயால் மூச்சுத் திணறுவோர் மட்டும், 'இருக்கின்ற மூச்சைச் சேமிப்போம்' என்று வீட்டிலேயே அமர்ந்துவிடுகின்றனர். அச்சேமிப்பு நட்டத்தில் முடியும் என்பதையே இன்று கூற விழைகின்றோம்.

எலும்பு உயிருள்ள பொருள். தன்மேல் விழும் பாரத்திற்கேற்ப அது தன்னைத் திருத்தியமைத்துக் கொள்கின்றது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பாரம் குறைந்தால் எலும்பும் மெலியும். நுரையீரல் நோயாளர்க்கோ இடர் பல வழியாக வருகின்றது: புகைப்பழக்கம், உடல் மெலிவு, வெயில் படாமையால் வைட்டமின் டி குறைதல், நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை, இவற்றோடு அசையாத வாழ்வு. இவ்வாறு வரும் நோயை ஆஸ்டியோபொரோசிஸ் என்பர். அச்சொல்லில் எலும்பு, துளை எனும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்கள் உள்ளன. தமிழில் எலும்புப்புரை என்கின்றோம். வெளியே தெரியாமல் உள்ளே புரையோடும் நோய்க்கு அப்பெயர் பொருந்தும்.

புரையோடிய முதுகெலும்பு நொறுங்கினால் கூன் விழும். கூன் விழுந்தால் மார்புக்கூடு ஒடுங்கும். நுரையீரல் விரிய இடமிராது. மூச்சைக் காக்க உட்கார்ந்தவர் உட்கார்ந்ததனாலேயே மூச்சை இழக்கின்றார்.

இதற்கு வழி யாது? கேரள அரசின் 'சுவாஸ்' திட்டத்தின்கீழ், குடும்ப ஆரோக்கிய கேந்திரங்களிலேயே இந்நோயைக் கண்டறிந்து பராமரிக்கும் ஏற்பாடு உண்டு. 6 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கின்றார் என்று அளந்து, அவர் ஆற்றலை மருத்துவர் மதிப்பிடுவர். அதன்பின் சமதரையில் 5 நிமிட நடையில் தொடங்கி, இடையிடையே இளைப்பாறி, சிறிது சிறிதாக 20, 30 நிமிடங்களுக்கு உயர்த்தலாம். மூக்கால் இழுத்த மூச்சைக் குவித்த உதடுகளின் வழியே மெல்ல விடுதல் நன்று. மிதமாக மூச்சு வாங்கினால் அஞ்சவேண்டா. மார்பு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துக.

நடையால் மூச்சின் ஆற்றல் பெருகும். எலும்புக்கு அது மட்டும் போதாது. நாற்காலியினின்று கை ஊன்றாது எழுதல், சிறு பளு தூக்குதல் போன்றவையும் வேண்டும். நீச்சலும் சைக்கிளும் மூச்சுக்கு நல்லவை. எலும்பின்மேல் பாரம் ஏற்றுவதில் நடைக்கு ஈடாகா. முதுகெலும்பு நொறுங்கியவர் முன்குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துதலும் ஆபத்தே.

வீட்டாருக்கு ஒரு சொல். மூச்சிரைக்கும் பெரியவரை 'உட்காருங்கள்' என்று தடுப்பது அன்பின் செயலே. ஆயினும், மருத்துவர் இசைந்தபின் அவரோடு சேர்ந்து நடப்பது அதனினும் பெரிய அன்பாகும்.